ஓடிபி கேட்கப்படாத கொடுக்கல் வாங்கலுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: நான் திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. பூத்தையலில் ஈடுபாடு உடையவள். கடந்த மே மாத நடுப்பகுதியில் பிரித்தானியாவில் உள்ள ஒரு சிறிய இணையக் கடையில் 38 பவுணுக்கு நூலும் சட்டகமும் வாங்கினேன். அப்போது என் கைத்தொலைபேசிக்கு ஓடிபி என்ற ஒருமுறை இரகசிய இலக்கம் வந்தது. நானே அதைப் பதிந்தேன். ஜூலை 3ஆம் திகதி எனக்குத் தெரியாத ஒரு பெயரில் 297 ரூபா என் கடனட்டையில் ஏறியது. சிறிய தொகை என்று விட்டுவிட்டேன். ஜூலை 19 அதிகாலை 1.40க்கும் 2.05க்கும் இடையில் மூன்று வெளிநாட்டுக் கொள்வனவுகள் நடந்து, மொத்தம் 216,480 ரூபா ஏறிவிட்டது. ஓடிபி எதுவும் வரவில்லை. காலையில் குறுஞ்செய்திகளைக் கண்டவுடன் வங்கியை அழைத்து அட்டையை நிறுத்தினேன். கிளையிலோ, "யாருக்காவது ஓடிபி சொல்லியிருப்பீர்கள்" என்கிறார்கள். கடைக்கு எழுதியபோது, "நாங்கள் அட்டை இலக்கங்களைச் சேமிப்பதே இல்லை" என்று பதில் வந்தது; ஆனால் ஓகஸ்ட் முதல் வாரத்தில், மே, ஜூன் மாதங்களில் தமது கட்டணப் பக்கத்தில் அனுமதியற்ற கணினி நிரல் ஒன்று இருந்ததாக எல்லா வாடிக்கையாளருக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். கடனட்டையின் மாதாந்தக் கூற்றின்படி பணம் கட்டக் கடைசி நாள் ஓகஸ்ட் 25. "கட்டிவிட்டு மானத்தோடு இருப்போம்" என்கிறார் கணவர். கட்டத்தான் வேண்டுமா? சேமிக்காத இலக்கம் எப்படித் திருட்டுப் போகும்? இனி இணையத்தில் வாங்கலாமா?

பதில்:

மதிப்புக்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

தங்கள் கணவரின் கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் தாங்கள் செய்யாத கொள்வனவுக்கான பணத்தைக் கேள்வியின்றிக் கட்டிவிட்டால், அதன் பிறகு அந்தக் கோவையை அவசரமாகப் புரட்டிப் பார்க்க வங்கியில் எவருக்கும் காரணம் இருக்காது. இருபத்து மூன்று ஆண்டுகள் ஒரு வங்கியின் கடனட்டைப் பிணக்குப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். கூற்றில் தாங்கள் உண்மையில் செலவழித்த தொகை எவ்வளவோ அதை ஓகஸ்ட் 25க்கு முன் முழுமையாகக் கட்டுங்கள். 216,480 ரூபாவையும் அந்த 297 ரூபாவையும் பிணக்குத் தொகை என்று குறிப்பிட்டு, அதே நாளுக்கு முன் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். தொலைபேசியில் சொன்னது அட்டையை நிறுத்துவதற்குப் போதுமானது. பிணக்கைத் தொடங்குவதற்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

அந்தக் கடிதத்தில், விசாரணை முடியும்வரை பிணக்குத் தொகைக்கு வட்டியும் தாமதக் கட்டணமும் விதிக்க வேண்டாம் என்றும், அதை நிலுவை என்று இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்துக்கு அறிவிக்க வேண்டாம் என்றும் வெளிப்படையாகக் கேளுங்கள். பலர் இந்த இரண்டாவது வேண்டுகோளை மறந்துவிட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்துப் பிள்ளையின் கடன் விண்ணப்பத்துக்குப் பிணை நிற்கப் போகும்போதுதான் தம் பெயரில் ஒரு கறை இருப்பதை அறிகிறார்கள். வங்கி இதற்கு எழுத்தில் உடன்பட மறுத்தால், "எதிர்ப்புத் தெரிவித்தபடி செலுத்துகிறேன், இது பொறுப்பை ஏற்றதாகாது" என்ற வாசகத்தோடு ஆகக்குறைந்த தொகையையாவது கட்டித் தங்கள் பதிவைக் காத்துக்கொள்ளலாம். பேசாமல் கட்டுவதற்கும் இப்படிக் கட்டுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

இனி, தங்கள் வழக்கின் அச்சாணியாக இருக்கும் ஓடிபி விடயத்துக்கு வருகிறேன். கிளையில் தங்களுடன் பேசியவர் தங்களை ஏமாற்ற நினைத்திருப்பார் என்று நான் கருதவில்லை. ஓடிபி என்பது அட்டைக்குள்ளேயே பூட்டப்பட்ட பூட்டு, அதைத் திறக்காமல் எவரும் பணம் எடுக்க முடியாது என்றே நம் நாட்டில் வாடிக்கையாளர்களும் கிளை அலுவலர்களும் நம்புகிறார்கள். உண்மை வேறு. அட்டைதாரரிடம் ஓடிபி கேட்கும் ஏற்பாட்டைக் கடையும் கடையின் வங்கியும் தெரிவுசெய்தால்தான் அந்தக் கேள்வி தங்கள் வங்கியை வந்தடையும். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2009 முதல் இணையக் கொள்வனவுகளுக்கு இரண்டாம் அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பாவில் 2019 செப்டெம்பரில் தொடங்கி அது படிப்படியாகக் கட்டாயமானது. ஆனால் உலகின் எல்லா இடங்களிலும் அப்படி இல்லை. அமெரிக்காவில் எத்தனையோ கடைகள் அட்டை இலக்கம், காலாவதித் திகதி, பின்புறத்து மூன்று இலக்கம் ஆகியவற்றை மட்டும் பெற்றுக்கொண்டு பொருளை அனுப்பிவிடுகின்றன. வாடிக்கையாளர் ஓடிபிக்குக் காத்திருந்து சலித்துப் போய்விடுவார் என்ற அச்சம் அவர்களுக்கு. அந்த அதிகாலையில் தங்கள் அட்டையைப் பயன்படுத்தியவர், ஓடிபி கேட்காத கடைகளைத் தேடித்தான் போயிருப்பார். நூல் வாங்கும்போது ஓடிபி வந்ததும், ஜூலை 19 அன்று வராததும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

எது நடந்தது என்பதை ஊகிக்கவும் தேவையில்லை, பதிவு இருக்கிறது. ஒவ்வோர் இணையக் கொள்வனவோடும் ஈசிஐ என்ற சிறு குறியீடு பயணம் செய்து தங்கள் வங்கியின் கணினியில் தங்கிவிடுகிறது. விசா அட்டையில் 05 என்றால் அட்டைதாரர் சரிபார்க்கப்பட்டார், 06 என்றால் சரிபார்ப்புக்கு முயற்சி நடந்தது, 07 என்றால் சரிபார்ப்பே நடக்கவில்லை என்று பொருள். மாஸ்டர்கார்டில் இவை முறையே 02, 01, 00. தங்கள் கடிதத்தில், "இந்த மூன்று கொடுக்கல் வாங்கல்களின் ஈசிஐ குறியீடு என்ன? ஓடிபி அனுப்பப்பட்டிருந்தால் எந்த இலக்கத்துக்கு, எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது?" என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளும் உள்ள கடிதத்தைப் பார்த்ததும் எங்கள் பிரிவில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் வாசிப்போம்.

சரிபார்ப்பு இல்லாமல் நடந்த மோசடிக்கு, அட்டை நிறுவனங்களின் விதிப்படி, தங்கள் வங்கி கடையின் வங்கியிடமிருந்து பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். விசா இதற்கு 10.4 என்ற காரணக் குறியீட்டையும் மாஸ்டர்கார்ட் 4837 என்ற குறியீட்டையும் வைத்திருக்கின்றன. இரண்டிலும் பொதுவான கால எல்லை 120 நாட்கள். 06 போன்ற இடைநிலைக் குறியீடு இருந்து, கடையிடம் மீட்க முடியாமல் போனாலும், அது இரண்டு வங்கிகளுக்கு இடையில் தீர வேண்டிய கணக்கு. உறங்கிக்கொண்டிருந்த அட்டைதாரரின் கணக்கு ஆகாது. வங்கிக்கு 120 நாட்கள் இருக்கின்றனவே என்று தாங்கள் ஆறுதலாக இருந்துவிடவும் கூடாது. பல வங்கிகளின் அட்டை உடன்படிக்கைகள், கூற்றில் உள்ள பிழையை வாடிக்கையாளர் அறிவிப்பதற்கு அதைவிடக் குறுகிய காலத்தையே தருகின்றன. அட்டையுடன் வந்த சிறிய எழுத்துப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அதே புத்தகத்தில், "அறிவிக்கும்வரையான இழப்புக்கு அட்டைதாரரே பொறுப்பு" என்ற ஒரு வரி இருந்தால், கிளையில் அதைக் காட்டக்கூடும். அந்த வாசகம் பெரும்பாலும் அட்டை தொலைந்ததற்கும் இரகசிய இலக்கத்தைப் பிறரிடம் கொடுத்ததற்கும் எழுதப்பட்டது. தங்கள் அட்டை தங்கள் கைப்பையிலேயே இருந்தது. அதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

தங்கள் இரண்டாவது கேள்வி, சேமிக்காத இலக்கம் எப்படித் திருட்டுப் போகும் என்பது. கடை சொன்னது பொய்யாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அட்டைத் தொழிலின் பாதுகாப்புத் தரமான பீசிஐ டிஎஸ்எஸ், பின்புறத்து மூன்று இலக்கத்தை அனுமதி பெறப்பட்ட பின் எந்தக் கடையும் வைத்திருக்கக் கூடாது என்கிறது. ஆகவே திருடர்கள் பெட்டகத்தை விட்டுவிட்டு முகப்புக்கு வந்துவிட்டார்கள். தபாற்கந்தோரில் காசுக்கட்டளைப் படிவத்தை நிரப்பும்போது ஒருவன் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வோர் எழுத்தாகப் படியெடுத்தால், தபாலதிபரின் இரும்புப் பெட்டி எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை. கட்டணப் பக்கத்தில் நுழைக்கப்பட்ட அந்த நிரல் செய்வதும் அதுதான். தாங்கள் இலக்கங்களைத் தட்டத் தட்ட, ஒரு பிரதி முறைப்படி வங்கிக்கும், இன்னொரு பிரதி திருடனுக்கும் போகிறது. கொள்வனவு ஒழுங்காக முடிகிறது, நூலும் வந்து சேருகிறது; எனவே எவருக்கும் ஐயம் எழுவதில்லை.

பெரிய நிறுவனங்களே இதில் சிக்கியிருக்கின்றன. 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமான நிறுவனத்தின் இணையத்தளத்தில் வெறும் 22 வரி நிரல் ஒன்று இப்படி ஒளிந்திருந்து, வாடிக்கையாளர் தட்டிய விவரங்களை அந்நிறுவனத்தின் பெயரைப் போலவே தோற்றமளிக்கும் வேறொரு முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகள் பாதிக்கப்பட்டன. பிரித்தானியத் தகவல் ஆணையாளர் அலுவலகம் 2020 ஒக்டோபரில் 20 மில்லியன் பவுண் தண்டம் விதித்தது. அந்தத் திருட்டுக்கு ஐந்து ஆண்டுகள் முன், 2013இன் இறுதியில், அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் ஏறத்தாழ 40 மில்லியன் அட்டைகளின் விவரங்கள் போனபோது, திருடர்கள் கடைகளின் காசுக் கருமபீடங்களில் இருந்த இயந்திரங்களைக் குறிவைத்தார்கள். அட்டைகளில் சிப் பரவலான பின் களவாடிய இலக்கத்தைக் கொண்டு போலி அட்டை செய்வது கடினமாகிவிட்டதால், கூட்டம் இணையத்துக்கு இடம்பெயர்ந்தது. நான் பணியில் சேர்ந்தபோது அட்டையை இயந்திரத்தில் வைத்துத் தேய்த்துக் காபன் தாளில் பதிவெடுப்பார்கள்; குப்பைக் கூடையில் எறிந்த காபன் தாளைப் பொறுக்கி எடுப்பதே அக்காலத்துத் தரவுத் திருட்டு.

தங்களுக்கு நேரடியாக உதவக்கூடியது, நிகழ்ச்சிகளுக்கு நுழைவுச்சீட்டு விற்கும் டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தின் கதை. அந்நிறுவனத்தின் பிரித்தானியத் தளத்தில், வாடிக்கையாளருக்கு விடையளிக்க வெளியார் ஒருவர் செய்துகொடுத்த உரையாடல் பெட்டி கட்டணப் பக்கத்திலும் வைக்கப்பட்டிருந்தது. அதன் வழியாகவே 2018இல் திருட்டு நடந்தது. அதை முதலில் உணர்ந்தவர்கள் கடைக்காரர்கள் அல்லர். மோசடி முறைப்பாடு செய்த வாடிக்கையாளர்கள் எல்லோரும் முன்னர் எங்கே வாங்கியிருந்தார்கள் என்று மோன்சோ என்ற வங்கி தேடிப் பார்த்து, அந்த ஒரே கடையைச் சுட்டிக்காட்டியது. எச்சரிக்கை கிடைத்த பின்னும், கட்டணப் பக்கத்தின் போக்குவரத்தைக் கண்காணிக்கத் தொடங்க நிறுவனத்துக்கு ஒன்பது வாரங்கள் எடுத்தன என்று தகவல் ஆணையாளர் அலுவலகம் குறிப்பிட்டு, 1.25 மில்லியன் பவுண் தண்டம் விதித்தது. இப்படிப் பொதுவான கொள்வனவு இடத்தைத் தேடும் வேலை எந்த வங்கியின் அட்டைப் பிரிவுக்கும் புதியதன்று. கடை அனுப்பிய ஓகஸ்ட் மின்னஞ்சலை அச்சிட்டு, மே மாதக் கொள்வனவின் பற்றுச்சீட்டோடு சேர்த்து முறைப்பாட்டுடன் இணையுங்கள். தாங்கள் எவரிடமும் எதையும் சொல்லவில்லை என்ற வாய்மொழிக்கு அது எழுத்துச் சான்றாக நிற்கும்.

கடைக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். பிரித்தானியத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தம்மைப் பற்றி அந்நிறுவனத்திடம் உள்ள தரவுகளைக் கேட்டறிய எவருக்கும் உரிமை உண்டு. கேட்பவர் உவர்மலையில் இருந்தாலும் கடை அங்கே இயங்குவதால் அந்த உரிமை குறையாது. வழமையாக ஒரு மாதத்துக்குள் விடையளிக்க வேண்டும். தங்கள் கொள்வனவுத் திகதி அந்த நிரல் இருந்த காலத்துக்குள் விழுகிறதா என்று ஒரே வரியில் கேளுங்கள். நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. ஆனால் அது கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும்படி அமைக்கப்பட்ட சட்டம். தங்கள் 216,480 ரூபாவை மீட்கும் வழி வங்கிப் பிணக்கே.

அந்த 297 ரூபாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. திருடப்பட்ட இலக்கங்கள் பெரும்பாலும் கட்டுக்கட்டாக விற்கப்படுகின்றன. வாங்கியவன், அட்டை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க முதலில் ஒரு சிறு தொகையைச் செலவிட்டுப் பார்ப்பான். குறுஞ்செய்தியைக் கண்டும் அட்டைதாரர் அசையாமல் இருந்தால் அவனுக்குத் துணிவு வரும். முந்நூறு ரூபாவுக்காக வங்கியை அழைத்தால் எதிர்முனையில் சிரிப்பார்களோ என்று வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்த டாக்டர்களையும் அதிபர்களையும் நான் கண்டிருக்கிறேன். ஆகவே தங்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அந்த 297 ரூபாவைப் பிணக்கில் சேர்க்கச் சொன்னதற்குக் காரணம், சோதனையும் அதன்பின் வரும் பெரிய செலவும் சேர்ந்திருக்கும் ஒழுங்கு, அட்டை விவரம் திருட்டுப் போனதன் அடையாளமாக எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது என்பதே.

கிளையில் ஒரு பிரகடனப் படிவத்தில் ஒப்பமிடச் சொல்வார்கள். அது தங்களுக்கு நன்கு விளங்கும் மொழியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியையும் கேட்டு அறிந்த பின்னரே ஒப்பமிடுங்கள். "அட்டை விவரங்களை மூன்றாம் தரப்புக்கு வழங்கினேன்" என்ற பொருள்படும் பெட்டியில் கோடு போட்டுவிட்டு வந்து பின்னர் அழுதவர்கள் உண்டு. இணையக் கடைக்குக் கொடுத்ததும் மூன்றாம் தரப்புத்தானே என்று அப்பாவித்தனமாக நினைத்து அவர்கள் அப்படிச் செய்தார்கள். கடிதத்தைத் தமிழில் எழுதலாம். பிணக்குப் பிரிவு கொழும்பில் இருப்பதால் ஓர் ஆங்கிலப் பிரதியையும் இணைத்தால் காலம் மிச்சமாகும். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைத் தங்கள் பிரதியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பொலிஸ் முறைப்பாடும் செய்யுங்கள். 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டமும் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும் இத்தகைய செயல்களுக்கென்றே ஆக்கப்பட்டவை. வெளிநாட்டிலுள்ள திருடனைப் பிடித்து வருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். முறைப்பாட்டின் பிரதி வங்கிக் கோவையில் இருந்தால் தங்கள் நிலைப்பாடு உறுதிப்படும், அதற்காகவே போகச் சொல்கிறேன். வங்கி மறுத்தால், அல்லது நியாயமான காலத்துக்குள் எழுத்தில் பதிலளிக்காவிட்டால், இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1935. மத்திய வங்கிக்குத் திருகோணமலையிலும் ஒரு பிரதேச அலுவலகம் இருப்பதால், வழிகாட்டல் கேட்டு நேரிலும் போகலாம். அதற்கு அடுத்த படியாக நிதியியல் குறைகேள் அதிகாரி இருக்கிறார். இந்த இரண்டு இடங்களிலும் முதலில் கேட்கப்படுவது, "வங்கிக்கு எழுத்தில் கொடுத்தீர்களா, பதில் எங்கே?" என்பதாகவே இருக்கும்.

தங்கள் கடிதத்தில் இல்லாத ஓர் ஆபத்தைப் பற்றி எனக்கு இப்போது கூடுதல் கவலை. அட்டையை நிறுத்திவிட்டீர்கள், அந்த இலக்கம் செத்துவிட்டது. ஆனால் கடையின் கட்டணப் பக்கத்தில் தாங்கள் நிரப்பிய படிவத்தில் தங்கள் பெயரும் வீட்டு முகவரியும் தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் இருந்தன. அவற்றை நிறுத்த முடியாது. வரும் வாரங்களில் ஒருவர் நல்ல தமிழில் அழைத்து, அட்டையின் கடைசி நான்கு இலக்கங்களையும் ஜூலை 19 கொள்வனவையும் சரியாகச் சொல்லி, "பணத்தைத் திருப்பி வைக்கிறோம் அம்மா, இப்போது வரும் இலக்கத்தை மட்டும் வாசியுங்கள்" என்று கேட்கக்கூடும். அவருக்கு இவ்வளவும் தெரிந்திருப்பதே அவர் வங்கிக்காரர் என்பதற்குச் சான்று என்று மனம் எளிதில் நம்பிவிடும். உண்மையில் அவை எல்லாம் அந்தக் கட்டணப் பக்கத்தில் இருந்தும் திருடனின் சொந்தக் கணக்கில் இருந்தும் கிடைத்தவை. அழைப்பைத் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் இலக்கத்தைத் தாங்களே அழுத்திப் பேசுங்கள். பொதி வந்திருக்கிறது, கட்டணம் செலுத்துங்கள் என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் குறுஞ்செய்தி இணைப்புகளையும் தொட வேண்டாம். வெளிநாட்டுப் பொதிக்குக் காத்திருப்பவர் அதில் எளிதாக விழுவார். அந்தக் கடையில் வைத்த கடவுச்சொல்லையே மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். ஐயமான இணைப்பை அழுத்திவிட்டதாகத் தோன்றினால் கணினிப் பாதுகாப்புச் சிக்கல்களைக் கையாளும் இலங்கை சேர்ட் அமைப்பின் 101 இலக்கத்தில் ஆலோசனை பெறலாம்.

இணையத்தில் இனி வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். திருகோணமலைக் கடைத்தெருவில் கிடைக்காத நிறத்து நூலுக்காகக் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வங்கிக் கணக்கோடு இணைந்த வரவட்டையை மட்டும் வெளிநாட்டுக் கடைகளில் பயன்படுத்த வேண்டாம். கடனட்டையில் பிணக்கு நடக்கும்போது தங்கள் பணம் தங்களிடமே இருக்கிறது, வரவட்டையிலோ ஓய்வூதியம் முதலில் போய்விட்டு விசாரணை பிறகு நடக்கும். புதிய அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதே குறைந்த எல்லை வைத்த இன்னொரு அட்டையை இணையத்துக்கென்று தனியாகக் கேளுங்கள். வெளிநாட்டு இணையக் கொள்வனவை நிறுத்தவும் திறக்கவும் தங்கள் வங்கியின் செயலியில் வசதி இருந்தால், வாங்கும் நாளில் திறந்து, வாங்கி முடிந்ததும் மூடிவிடுங்கள்.

பழைய அட்டையை வெட்டி எறிவதற்கு முன் அதன் கடைசி நான்கு இலக்கங்களையும் முறைப்பாட்டுக் கோவையின் மேற்புறத்தில் குறித்து வையுங்கள். புதிய அட்டை கைக்கு வந்த பின்னும், இந்தப் பிணக்குத் தொடர்பான எல்லாக் கடிதங்களும் அந்தப் பழைய இலக்கத்தின் பேரிலேயே வரும்.

இப்படிக்கு,
கடனட்டைப் பிணக்குப் பிரிவின் முன்னாள் அலுவலர்